ஆறுதலான விடுமுறை

இம்முறை கடற்கரை வேண்டாம், பிரான்சின் ஷாம்பெயின் பக்கம் ஆறுதலாகச் சுற்றுவோம் என்று திட்டமிடுகிறோம். எப்பர்னேயில் அறை, மாலையில் முந்திரிகைத் தோட்டங்களூடாக நடை. 2015இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக்கிய சரிவுகள், பார்க்க வேண்டியவைதாம். ஆனால் அங்கு ஒவ்வொரு குலையையும் கையால்தான் வெட்டவேண்டும்; அது விதி. வெட்டுபவருக்கு ஆறுதல் கிடையாது. கடும் வெயிலடித்த 2023 அறுவடையின்போது சிலர் இறந்துபோனார்கள். அதே அறுவடைக்கு ஐம்பதுக்கு மேற்பட்டோரை, பெரும்பாலும் விசா இல்லாத மேற்காபிரிக்கரை, அழுக்கு வீட்டில் அடைத்து வேலை வாங்கியவர்கள் 2025இல் தண்டிக்கப்பட்டார்கள். (விசா இல்லாத வேலை நம்மவர்க்குப் புதினமா என்ன?)

நாம் போகாமல் விட்டால் அவர்களுக்கு ஒரு சதமும் கூடப்போவதில்லை. ஆகவே போவோம். எப்போது என்பதுதான் பிரச்சினை. அறுவடைக்கு முந்திய அமைதியான கிழமையைத் தேடுகிறோமே, அதில் அந்த மனிதரைக் காணாமலிருக்கும் விருப்பமும் கலந்திருக்கிறதா? இன்னும் திகதி குறிக்கவில்லை.