எலி மருந்தும் நான் சொன்ன பழியும்

 

சில ஆண்டுகளுக்கு முன், கமுந்திங்கில் என் மளிகைக் கடையில் எலி மருந்து விற்ற வகையில் ஒரு மனிதர் மீது பழி சொன்னேன். அதை ஒப்புக்கொள்ளவும், அதன் வழியாக நான் விளங்கிக்கொண்ட ஒரு விஷயத்தைச் சொல்லவும் இதை எழுதுகிறேன். நான் ஆலிம் அல்லன். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே என் கையிருப்பு. பிழை கண்டால் பெரியவர்கள் திருத்துவார்களாக.

செம்பனைத் தோட்டம் வைத்திருக்கும் வாடிக்கைக்காரர் ஒருவர் ஒரு நாள் வந்து, “நானா, உங்க மருந்தை எலி சோறு மாதிரி தின்னுது, ஒண்ணும் சாகல” என்றார். எனக்கு முகம் செத்துப் போயிற்று. சரக்குப் போட்ட மொத்த வியாபாரிக்கு உடனே போன் செய்து, மாவைக் கலந்து அனுப்பிவிட்டீர் என்று நாலு பேர் கேட்க ஏசினேன். கொடுக்கல் வாங்கலையும் முறித்தேன். அதே பெட்டி மருந்தைத் தின்று என் கிட்டங்கியில் எலிகள் செத்துக் கிடந்தனவே, அது அப்போது நினைவுக்கு வந்ததா? வரவில்லை. ஆத்திரத்தில் கணக்குப் பார்ப்பவன் யார்?

பிறகு அந்தத் தோட்டக்காரரின் மகன் கடைக்கு வந்தான். விவசாயம் படித்த பிள்ளை. “மாமா, மருந்தும் பொய்யில்லை, அத்தா சொன்னதும் பொய்யில்லை” என்று ஆரம்பித்தான்.

மருந்தின் பெயர் வார்ஃபரின். இரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே என்ற சத்து வேண்டும். உடம்பு அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொள்ளும் வேலையை இம்மருந்து தடுக்கிறது. சில நாள் தின்ற எலி, உள்ளே இரத்தம் கசிந்து மாளும். ஆனால் பிறவியில் எல்லா எலியும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கூட்டத்தில் எங்கோ ஒன்றிரண்டுக்கு, மருந்து போய்ப் பற்றும் இடத்தின் அமைப்பு சற்றே வேறாக இருக்கும். மருந்து இல்லாத காலத்தில் அதனால் லாபமில்லை. சில வகைகளுக்கு அந்தச் சத்து கூடுதலாகத் தேவைப்படுவதால் நஷ்டம் என்றே சொல்லலாம். மருந்து வந்ததும் கணக்குத் தலைகீழாகிறது. மற்றவை மாள, அது பிழைத்துக் குட்டி போடுகிறது. எலிக்குச் சினைக்காலம் சுமார் மூன்றே வாரம். பல குட்டிகள் தாயின் அமைப்போடு பிறக்கின்றன. வருஷா வருஷம் அதே மருந்தை வைத்தால் கடைசியில் தோட்டம் யார் கையில் இருக்கும்?

சகோதரர்களே, நான் தவறாக எண்ணியிருந்த இடம் இதுதான். அபின் தின்பவனுக்கு அபின் பழகுவதுபோல் எலி தின்று தின்று பழகிக்கொண்டது என்று நினைத்தேன். அப்படியல்ல. நாம் அரிசி சலிக்கிறோமே, சல்லடை எந்த மணியையும் பெரிதாக்குகிறதா? இல்லை, குருணையைக் கீழே விட்டு, நிற்பதை நிறுத்துகிறது. கண்ணின் அளவு மாறினால் நிற்பதும் மாறும். மருந்து அப்படித்தான் சலித்தது. ஸ்காட்லாந்தில் 1958-லேயே இத்தகைய எலிகளைக் கண்டார்கள். நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் 1980களில் கண்டார்கள்.

பசி, குளிர், நோய், பகை இவையெல்லாம் சல்லடைகள். ஒரே இனம் இரு கூட்டமாகப் பிரிந்து, வெவ்வேறு இடங்களில் நெடுங்காலம் சலிக்கப்பட்டால் இரண்டு இனங்களாகவே ஆகிவிடும். இதை எழுதிய வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1854 முதல் 1862 வரை நம் மலாய்த் தீவுகளில்தான் அலைந்தார். தெர்னாத்தே தீவிலிருந்து 1858-ல் டார்வினுக்கு அவர் எழுதி அனுப்பிய கட்டுரை, டார்வினின் குறிப்புகளோடு அவ்வாண்டே லண்டனில் வாசிக்கப்பட்டது. அவருக்குப் பறவைகள் பிடித்துக் கொடுத்தவர் சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞர். அந்தப் பெயரை எத்தனை பேர் அறிவோம்?

இதைப் பேசுவதே ஈமானுக்குக் கேடு என்று அஞ்சுவோர் நம்மில் உண்டு. விஞ்ஞானிகள் மனிதனையும் இதற்கு விலக்காக வைப்பதில்லை. நம் ஆலிம்களிடையே அதுபற்றி வெவ்வேறு பேச்சு இருக்கிறது. அதில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் தேனீ, எறும்பு, சிலந்தி இவற்றின் பெயரால் சூராக்கள் உள்ள வேதத்தை ஓதுகிற நாம், கண்ணெதிரே எலியிடம் நடப்பதைப் பார்க்க ஏன் அஞ்ச வேண்டும்? அல்லாஹ் தன் படைப்பில் வைத்த வழமை அது என்றே நான் விளங்கிக்கொண்டேன்.

தோட்டக்காரர் இப்போது மருந்தை மாற்றிவிட்டார். எலி தின்னும் கூகைக்குப் பெட்டிகளும் வைத்திருக்கிறார். (கூகை அலறினால் ஆகாது என்று முணுமுணுப்போர் கவனிக்க: ஆந்தைச் சகுனத்தை நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மறுத்திருக்கிறார்கள்.)

நான் அந்த மொத்த வியாபாரியின் கடைக்குப் போய் மாப்புக் கேட்டேன். அவர் தேநீர் வரவழைத்தார். குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நாலு பேர் கேட்கச் சொன்னீர், நாலு பேர் கேட்க மாற்றிச் சொல்லும்” என்றார். அந்த நால்வரில் மூவர் நம் சங்கத்து அங்கத்தினர்கள், இதைப் படிப்பார்கள். நாலாமவருக்கு இந்த இதழை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.