காட்டுக்கு என்ன பெயர்?

மகாராஜபுரத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்று "அண்ணாச்சி இருக்காகளா?" என்று கேட்டால், "காட்டுக்குப் போயிருக்காக" என்பார்கள். வெளியூர்க்காரர் மேற்கே மலையைப் பார்ப்பார். அண்ணாச்சியோ பருத்திக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருப்பார். இந்தப் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். மரமடர்ந்த இடத்துக்கு மலை என்று பேர். ஊருக்குள் இதில் யாருக்கும் குழப்பமில்லை.

குழப்பமெல்லாம் காகிதத்தில்தான். வத்திராயிருப்பிலிருந்து மகாராஜபுரம் வழியாகத் தாணிப்பாறைக்குப் போகிற பாதையில், அமாவாசைதோறும் சதுரகிரிக்கு ஏறும் கூட்டம் பலவகைக் காடுகளைத் தாண்டித்தான் போகிறது. அடிவாரத்தில் குடைவேல், ஊசில், கிளுவை. ஓடைக்கரையில் மருது, நாவல், புளி. மேலே இலையுதிர் காடு. இந்த மலைத்தொடரின் உயரங்களில் பசுமை மாறாக் காடும் புல்வெளியும் உண்டு. அரசாங்கம் இத்தனைக்கும் சேர்த்து 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் என்று பெயர் வைத்தது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் என்றது. இடம் யார் பொறுப்பில், என்ன சட்டத்தில் இருக்கிறது என்பதை அந்தப் பெயர்கள் சரியாகச் சொல்கின்றன. அங்கே என்ன மரம் நிற்கிறது என்பதைச் சொல்வது அவற்றின் வேலையில்லை.

இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கு வேறு மாதிரி. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை, அதாவது மரத்தலைகள் நிலத்தை மூடும் அளவு, 10 சதவீதம் இருந்தால் அது வனப்பரப்பு. 40ஐத் தாண்டினால் நடுத்தர அடர்த்தி. 70ஐத் தாண்டினால் மிக அடர்த்தி. நிலம் யாருடையது, மரம் என்ன ஜாதி என்ற கேள்வியே கிடையாது. அதனால் வத்திராயிருப்புத் தென்னந்தோப்பும் வனப்பரப்பில் சேரலாம். அடிவாரத்தில் குடைவேல் எட்டி எட்டி நிற்கிற இடம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால், அதற்குப் 'புதர்' என்று பேர். தேங்காய் பறிக்கிறவருக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்.

வனவியலாளர் சாம்பியன் 1936இல் தொடங்கி, 1968இல் சேத் என்பவரோடு சேர்ந்து திருத்திய பட்டியல் மழை, வெப்பம், உயரம், தாவரம் எல்லாவற்றையும் வைத்து இந்தியக் காடுகளை 16 பெருவகைகளாகப் பிரித்தது. அதில் நம் குடைவேல் முட்காட்டுக்குத் தனி எண்ணே உண்டு: 6ஏ/சி2. புதர் என்று கழிக்கப்பட்டது இங்கே ஒரு முழுக்காடு.

மூன்று பெயரும் சரிதான். ஒன்று, யார் கையில் என்பதற்குப் பதில். ஒன்று, கவிகை எவ்வளவு என்பதற்கு. ஒன்று, என்ன காடு என்பதற்கு. ஒரு கேள்விக்கான பதிலை இன்னொரு கேள்விக்கு எடுத்து நீட்டும்போதுதான் காடு தொலைகிறது. நாட்டின் பாழ்நில வரைபடத்தில் புதர்நிலமும் ஒரு வகை. பாழ் என்று எழுதியானதும் குழி தோண்ட ஆளும், நடக் கன்றும் வந்துவிடும். நட்சத்திர ஆமைக்கு வெயில் விழுகிற அந்த வெட்டவெளிதான் வீடு என்பதை யாரும் கேட்பதில்லை.

எல்லா முட்காடும் ஆதிக்காடு என்று நான் சொல்லவில்லை. வெட்டியும் மேய்த்தும் எரித்தும் முட்புதராகிப்போன இலையுதிர் காடுகள் நிறைய. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இயல்பே முள்ளாக உள்ள காட்டையும், கெட்டு முள்ளாகிப்போன காட்டையும் ஒரே பெயரில் அழைத்தால் இரண்டுக்கும் தவறான வைத்தியமே நடக்கும்; ஒன்றுக்கு வேண்டாத கன்று, மற்றதற்குக் கிடைக்காத ஓய்வு. இந்த வேறுபாடு நமக்குப் புதிதல்ல. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் அந்த நிலைக்குப் பாலை என்று பெயர் என்றார் இளங்கோ. நிலத்துக்கு ஒரு பெயர், அதற்கு நேர்ந்த நிலைக்கு ஒரு பெயர். நம் வனக்கணக்கு இந்த இரண்டையும் 'புதர்' என்ற ஒரே கட்டத்தில் போட்டு வைத்திருக்கிறது.

தரையில் நின்றால் பிரித்தறிவது அவ்வளவு கடினமில்லை. வெட்டுப்பட்ட ஊசில், அடிக்கட்டையிலிருந்து நாலைந்து தண்டாகக் கிளைத்திருக்கும். வெட்டுப்படாத குடைவேல் வயதேற ஏற உச்சி தட்டையாக விரிந்து நிற்கும். அடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவர் இதை நடந்துகொண்டே சொல்வார், எந்த வருஷம் யார் வெட்டினார்கள் என்பது உட்பட. குழி தோண்டுவதற்கு முன்னால் அவரைக் கூட்டிக்கொண்டு ஒருதரம் நடந்து, கட்டத்தை இரண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டால் போதும்.