தியாகச் சுடரா, தேயும் உயிரா?

மாலை ஏழு மணிக்குமேல் ஆழ்வார்பேட்டைச் சந்துகளில் நடந்து பாருங்கள், தோழர்களே! எல்டாம்ஸ் சாலையின் இரைச்சல் தேய்ந்த இடத்தில் வேறோர் ஓசை எழும்: சன்னல்தோறும் அழுகுரல்! உள்ளே எவரும் சாகவில்லை. தொலைக்காட்சியில் ஒரு நாயகி பொறுத்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவே!

'மெட்டி ஒலி' சரோ, 'கோலங்கள்' அபி ஆகிய சின்னத்திரைப் பொறுமைத் திலகங்களுக்கெல்லாம் மூத்தவள் ஒருத்தி உண்டு. 1974இல் பாலசந்தர் இயக்கிய 'அவள் ஒரு தொடர்கதை'யில் சுஜாதா ஏற்ற கவிதா. வெள்ளித்திரையில் பிறந்தவளெனினும், அவளும் இன்று கூடத்துத் தொலைக்காட்சியில்தான் வாழ்கிறாள். சென்ற வாரம் நம் வீட்டிற்கும் வந்தாள்.

யார் இந்தக் கவிதா? தந்தை குடும்பத்தை உதறிக் காவி தேடிப் போனார். அண்ணன் மது தேடிப் போனான். விதவைத் தங்கை, பார்வையற்ற தம்பி, அண்ணன் பெற்ற மக்கள், அத்தனை வயிற்றுக்கும் அவள் ஒருத்தியின் சம்பளம்! காதலித்தவன் தங்கையை விரும்புகிறான், மணமுடித்து வைக்கிறாள். தனக்கு மணம் கூடிவந்த வேளையிலும் விட்டுக்கொடுத்து, மீண்டும் வேலைக்குப் புறப்படுகிறாள். கண்ணீரா வடிக்கிறாள்? இல்லை, சுடுசொல் வீசுகிறாள். 'திமிர்' என்கிறது ஊர்.

திமிரா அது? மனச்சோர்வு மூலையில் முடங்கி அழும் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். ஒழுங்காகத் தலைவாரி, நேரத்திற்குப் பேருந்தேறி, கணக்குப் பிசகாமல் வேலை பார்த்து, எரிச்சலாகவும் உறக்கமின்மையாகவும் மட்டுமே அது தலைகாட்டுவதும் உண்டு. 1960இல் வங்கத்து ரித்விக் கட்டக் எடுத்த 'மேகே டாக்கா தாரா'வின் நீதாவும் குடும்பம் சுமந்தவளே. காசநோய் அவளை வீழ்த்தியது. உடல் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. கவிதாவுக்கு அந்தச் சாட்சியும் இல்லை. கைதட்டி அவளை மறுநாள் வேலைக்கு அனுப்பிவைத்தோம்!

குடிப்பவன் ஒருவன், அவன் குடியைச் சுற்றித் தம் வாழ்வை வகுத்துக்கொள்வோர் பலர். ஏசுவர், பிறகு சோறு போடுவர், கடனடைப்பர், தாம் இல்லாவிடில் வீடே விழும் என்று நம்புவர். உளநூலார் 'உடன்சார்பு' என்பது இதனைத்தான். குடிநோயாளரின் குடும்பத்தார்க்கென அமெரிக்காவில் 1951இலேயே 'அல்-அனான்' தோன்றியது. 1980இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய நிறுவனமும் குடித்தவனோடு நில்லாமல், அவன் குடும்பத்தார்க்கும் சிகிச்சை வகுத்தது.

ஆயினும் ஓர் ஐயம். பழைய அறம் அவளைத் 'தெய்வம்' என்றது. புதிய உளநூல் 'அவளுக்கும் நோய்' என்கிறது. அவள் உழைப்பை உண்டு கொழுத்தவர்களை இரண்டும் விசாரிக்கவில்லையே! அவர்களுக்கு என்ன பெயர்?

பெயர் தேடி நெடுந்தொலைவு செல்வானேன்? நம் கலைக்கல்லூரிப் பட்டம் தமக்கையார் சம்பளத்தில் வாங்கியது. அவர் மணமாகாதிருப்பதை 'அக்காவின் விருப்பம்' என்று ஊருக்குச் சொல்லி வந்தவர்கள் நாம். மேடையில் பெண் விடுதலை முழங்கிவிட்டு நள்ளிரவில் வந்தாலும் தட்டில் சோறு மூடியிருக்கும். அவர் விழித்திருப்பார். நமக்காகக் காத்திருக்கிறார் என்றே பெருமைப்பட்டோம். உறக்கம் வராமல் விழித்திருக்கக்கூடும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

படம் முடிந்ததும் கேட்டோம்: "எத்தனை நாளாக உறக்கமில்லை, அக்கா?"

"படத்தைப் பார்த்துவிட்டு உளறாதே" என்றார். சற்றுப் பொறுத்து, "மூன்று வருடம் இருக்கும்" என்றார்.

மருத்துவரிடம் போவோம் என்றோம். மாதக் கடைசி என்றார். முதல் தேதியன்று நம் சம்பளத்தை அவர் கையில் வைத்து, "இது உங்கள் வைத்தியத்திற்கு" என்றோம். எண்ணிப் பார்த்தார். தம்பியின் தேர்வுக் கட்டணத்தை முதலில் எடுத்துத் தனியே வைத்தார்.