லாலிஷ் ஊற்றும் தூய்மை பற்றிய கேள்வியும்

போரில் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்ட பெண் குற்றமற்றவள் என்று சொல்வது சமயச் சிந்தனைக்குப் புதியதன்று. கி.பி. 410இல் விசிகோத்தியர் ரோம் நகரைச் சூறையாடியபோது சீரழிக்கப்பட்ட கிறித்தவப் பெண்களைக் குறித்து, ஹிப்போ நகரத்து ஆயர் அகஸ்டின் தமது 'கடவுளின் நகரம்' என்னும் நூலின் முதற்பகுதியில் விரிவாக எழுதினார்; கற்பு மனத்தின் இசைவைச் சார்ந்தது, இசையாதவளின் உடலுக்குப் பிறர் இழைத்த தீங்கு அவளைத் தீண்டாது என்று வாதிட்டதோடு, இத்தகைய கொடுமைக்குப் பின் உயிர்துறந்த லுக்ரீசியாவைப் போற்றிவந்த ரோமானிய மரபையும் மறுத்தார். ஆனால் அதே பகுதியில் சற்றுத் தள்ளி, அப்பெண்கள் தம் கற்பை எண்ணி உள்ளூரச் செருக்குற்றிருந்தனரோ என்று தம்மைத் தாமே ஆராயும்படியும் சொல்கிறார். குற்றமில்லை என்று தீர்ப்பளித்த பிறகும் விசாரணை முடிந்தபாடில்லை. அந்த வாதம் முழுவதும் பெண்ணின் மனத்தை நோக்கியே பேசுகிறது. அவள் திரும்பிச் செல்லவேண்டிய ஊரை நோக்கி எதையும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி ஊரை நோக்கித் திரும்பிய அரிய நிகழ்வை வட ஈராக்கின் யசீதி சமூகத்தில் காணலாம். மயில் வானவராகிய தவூசி மெலெக்கை வணங்கும் இச்சிறுபான்மைச் சமயத்தில், பெற்றோர் இருவரும் யசீதிகளாக இருந்தால்தான் பிள்ளையும் யசீதி. வெளியார் மதம் மாறி உள்ளே வர இயலாது, வெளியாரோடு உறவு கொண்டவர் உள்ளே நீடிக்கவும் இயலாது. பல நூற்றாண்டுத் துன்புறுத்தலுக்கு ஆளான ஒரு சிறு கூட்டம் தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பிய வேலி என்று இதைப் புரிந்துகொள்ளலாம்; ஆயினும் 2007இல் பஷீக்கா என்னும் ஊரில், வேற்றுச் சமயத்து இளைஞனை விரும்பியதாகச் சொல்லப்பட்ட பதினேழு வயது யசீதிப் பெண் கல்லெறிந்து கொல்லப்பட்டதும் இந்த வேலியின் பெயரால்தான்.

2014 ஆகஸ்டு 3 அன்று இஸ்லாமிய அரசு என்று தன்னை அழைத்துக்கொண்ட ஆயுதக்குழு சிஞ்சார் பகுதியைத் தாக்கி, 6,000க்கும் மேற்பட்ட யசீதிப் பெண்களையும் குழந்தைகளையும் கடத்திச் சென்று, கட்டாயமாக மதம் மாற்றி, பெண்களைச் சந்தையில் விற்றது. பழைய விதியின்படி தப்பி வந்த எவளுக்கும் வீடு இல்லை. அந்நிலையில்தான் யசீதிகளின் ஆன்மிகத் தலைவர், அதாவது 'பாபா ஷேக்' என்னும் பதவியை வகித்த குர்தோ ஹஜ்ஜி இஸ்மாயில், மீண்டு வருவோர் யசீதிகளே, அவர்களை மதிப்போடு ஏற்றுக்கொள்ள வேண்டும், எவரும் அவர்களுக்குத் தீங்கிழைக்கக் கூடாது என்று அறிவித்தார். மீண்டவர்கள் லாலிஷ் புனிதத்தலத்திற்கு வந்து, செருப்பைக் கழற்றி, வாசற்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே சென்று, வெண்ணூற்று எனப்படும் கானியா ஸ்பியின் நீரைத் தலையில் ஏற்றனர்.

கழுவுதல் என்றாலே கழுவப்படவேண்டிய அழுக்கு ஒன்று இருந்ததாக ஆகாதா என்ற ஐயம் நியாயமானது. சடங்கைப் பார்த்தவர்களில் சிலர் அதைத் தீட்டுக் கழித்தலாகவே கண்டிருக்கவும் கூடும். ஆனால் அந்த ஊற்றின் நீர் ஒவ்வொரு யசீதிக் குழந்தைக்கும் அளிக்கப்படும் ஞானநீராட்டின் நீர். கட்டாய மதமாற்றத்தால் அறுக்கப்பட்டதாகக் கருதப்பட்ட உறவை அதே நீர் மீண்டும் கட்டியது என்று கொள்வதே பொருத்தம். அதைவிட முக்கியமானது, மீண்டவளின் தூய்மையை இனி அண்டை வீட்டாரோ சொந்தச் சகோதரனோ அளக்க முடியாதபடி, அளக்கும் அதிகாரம் அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டது என்பதுதான். அகஸ்டினின் வாதம் செய்யாததை இந்த அறிவிப்பு செய்தது.

ஆயினும் அது ஓரிடத்தில் நின்றுவிட்டது. வன்முறையால் பிறந்த குழந்தைகள் விஷயத்தில், 2019 ஏப்ரலில் யசீதி உயர் ஆன்மிக மன்றம் மீண்டோர் அனைவரையும் ஏற்பதாக வெளியிட்ட அறிக்கை அக்குழந்தைகளையும் உள்ளடக்கியதாகப் பலராலும் புரிந்துகொள்ளப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும், சில நாட்களுக்குள்ளேயே அது அவர்களுக்குப் பொருந்தாது என்று மன்றம் விளக்கமளித்தது. இதில் மன்றத்தை மட்டும் குறைகூறுவது எளிது. தந்தை முஸ்லிமாயின் பிள்ளையை முஸ்லிமாகவே பதியும் ஈராக்கியச் சட்டம், மன்றம் மனம் மாறினாலும் குழந்தையை யசீதியாகப் பதிவுசெய்ய வழிவிடாது. விளைவாக, தாய் பிள்ளையை விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டும், அல்லது ஊரை விட்டுப் பிள்ளையோடு வாழ வேண்டும்.

தாயின் இசைவின்மை தாயைக் குற்றமற்றவளாக்குமானால், எதற்கும் இசையும் வயதே வராத குழந்தையை அது கைவிடுவதற்கு எந்தத் தத்துவ நியாயமும் இல்லை. 2021 மார்ச் 1 அன்று ஈராக்கிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய யசீதிப் பெண் மீண்டோர் சட்டம், மாத உதவித்தொகை, நிலம், கல்வி, அரசுப் பணியில் இரண்டு விழுக்காட்டு ஒதுக்கீடு ஆகியவற்றை வழங்கி, துர்க்மேனிய, கிறித்தவ, ஷபக் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அக்குழந்தைகளின் நிலையை அது தீர்க்கவில்லை.