இறங்கச் சொல்வது யார்?

மோட்டார் சைக்கிளில் இமயமலைக் கோயில்களுக்குப் போய்வருவது இன்றைக்குப் பக்தியாகவும் வீரமாகவும் பேசப்படுகிறது. ரிஷிகேஷில் கிளம்பினால் தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, ஜோஷிமடம் வழியாக பத்ரிநாத் ஊர் வரைக்கும் வண்டியிலேயே போய்விடலாம். கேதார்நாத்துக்குப் போகிறவர்கள் வண்டியைக் கீழேயே விட்டுவிட்டு, கௌரிகுண்டத்திலிருந்து மலையேற வேண்டும். முடியாதவங்களைக் கோவேறு கழுதை சுமக்கும். இல்லேன்னா முதுகில் கூடை கட்டிய கூலியாள் சுமப்பார். புண்ணியம் மட்டும் கூடைக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு.

போய்வந்தவர்கள் ஒன்று சொல்கிறார்கள்: "ரோட்டுல சாதி ஏது? டீக்கடையில எல்லாரும் ஒண்ணாத்தான் உக்காந்தோம்." அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் வழிப்போக்கனுக்குச் சாதி தெரியவில்லை என்றால், அவனை யாரும் இன்னும் விசாரிக்கவில்லை என்றுதான் பொருள். அதே மலையில் பிறந்த தலித்தை விசாரிக்க வேண்டியதே இல்லை. ஊருக்கே தெரியும்.

அங்கே கல் செதுக்கியவர்கள், இரும்படித்தவர்கள், சாமிக்கு டோல் வாசிக்கிறவர்கள் எல்லாம் 'சில்ப்கார்' எனப்படும் தலித் மக்கள்தான். மாப்பிள்ளையைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு போகும் உரிமைகூட அவர்களுக்கு இருந்ததில்லை. அதற்காகவே 1920களிலும் 30களிலும் கார்வால் பகுதியில் ஜெயானந்த் பாரதி 'டோலா பால்கி' போராட்டம் நடத்தினார். சுதந்திரம் வந்தும் கணக்குத் தீரவில்லை. 1980 மே 9 அன்று அல்மோரா மாவட்டம் கஃபல்டாவில் ஒரு தலித் கல்யாண ஊர்வலம் போனது. ஊரில் பத்ரிநாதர் கோயில் இருக்கிறது, மாப்பிள்ளை இறங்கி நடக்கணும் என்றார்கள் சாதி இந்துக்கள். தகராறில் அவர்கள் தரப்பில் ஒருவர் குத்துப்பட்டு இறந்தார். பிறகு 14 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். வீட்டுக்குள் ஒளிந்தவர்களையும் விடாமல் தீ வைத்தார்கள். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் எல்லோரையும் விட்டுவிட்டன. 1997இல்தான் உச்ச நீதிமன்றம் 16 பேரைத் தண்டித்தது.

இங்கேதான் நம் கேள்வி. சாமிக்கு முன்னால் வண்டியைவிட்டு இறங்குவது மரியாதைதானே என்று கேட்கலாம். மரியாதைதான், இறங்குகிறவனே முடிவு செய்தால். ஏறும் உரிமை உள்ளவன்தான் இறங்குவதைக் காணிக்கையாகத் தர முடியும். ஏறவே கூடாது என்று சொல்லப்பட்டவனை இறங்கச் சொன்னால் அது பக்தி ஆகாது, தீண்டாமை. மழையிலும் குளிரிலும் பைக் ஓட்டிப் படும் கஷ்டமும் அப்படித்தான். நாமே தேர்ந்துகொண்ட கஷ்டத்துக்குத் தவம் என்று பேர். அடுத்தவன் நம் தலையில் கட்டிய கஷ்டத்துக்கு அந்தப் பேரைச் சூட்டுவது மோசடி.

"நமக்கு எதுக்குங்க அந்தக் கோயில்?" என்று நம் தோழர்களே கேட்பார்கள். நியாயமான கேள்வி. அம்பேத்கரே 1930இல் நாசிக் காலாராம் கோயில் வாசலில் போராட்டம் தொடங்கி, 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தவர். ஆனால் ஒரு வாசலை வேண்டாம் என்று ஒதுக்குவதும் அந்த வாசலில் அடித்து விரட்டப்படுவதும் ஒன்றில்லை. 2023 ஜனவரியில் உத்தரகாசி மாவட்டத்தில் கோயிலுக்குள் போன தலித் இளைஞரை ராத்திரி முழுக்கக் கட்டிவைத்துக் கொள்ளிக்கட்டையால் அடித்ததாக வழக்குப் பதிவானது. கடவுளை மறுக்கும் உரிமையும் கும்பிடும் உரிமையும் அவருடையதாகவே இருக்க வேண்டும்.

இது வடக்கத்திச் சமாச்சாரம் என்று நாம் தள்ளிவிட முடியாது. அந்த மலைகளில் ஏறும் புல்லட் வண்டி 1950களிலிருந்து சென்னையில் செய்யப்படுவது. அதே புல்லட்டை ஓட்டினான் என்பதற்காக ஒரு தலித் மாணவரின் கைகள் வெட்டப்பட்டதாக 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புகார் எழுந்தது. செருப்பைக் கழற்று, சைக்கிளைத் தள்ளிக்கிட்டு போ என்ற பழைய கட்டளைதான் அரிவாளாக வந்திருக்கிறது.

ஆகவே மலைக்கோயிலுக்கு வண்டியில் போய்வரும் நண்பர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. எத்தனை கிலோமீட்டர், எத்தனை அடி உயரம் என்பதெல்லாம் இருக்கட்டும். நீங்கள் நிறுத்தாமல் கடந்துபோன ஊர்களில் யாரெல்லாம் இறங்கி நடந்தார்கள், பாத்தீங்களா?