ஒழுங்குக்கு ஓர் அறிவு தேவையா?

ஒழுங்கு இருந்தால் அதை அறிந்து நடத்தும் ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்பது சமயவாதிகளின் பழைய வாதம். அதைச் சோதிக்க, டீசல் எஞ்சினின் எரிபொருள் பம்பில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைப் பார்க்கலாம். வேகம் கூடினால் சுழலும் எடைகள் ஸ்பிரிங்கை எதிர்த்து வெளியே விரிகின்றன. அந்த அசைவில் ரேக் எனும் பல் தண்டு நகர்ந்து, டீசலை அழுத்தித் தள்ளும் பிளஞ்சரைத் திருப்புகிறது. அதன் சாய்வான வெட்டு முன்கூட்டியே துளையைத் திறந்துவிட, நாசிலுக்குப் போகும் டீசல் குறைகிறது. வேகம் தணிந்தால் ஸ்பிரிங் வென்று டீசலைக் கூட்டுகிறது. இதில் வேகத்தை அறிபவர் யாருமில்லை. உயிரினங்களிலும் இப்படிப் பிழைகள் பெரிதாகும் முன்பே திருத்தப்படுவதைக் காட்டத்தான், 1858இல் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இயற்கைத் தேர்வை நீராவி எஞ்சினின் கவர்னரோடு ஒப்பிட்டார்.

கவர்னரை வடிவமைத்தவர் ஒருவர் உண்டே, டிராக்டரில் லிவரை நகர்த்தி ஸ்பிரிங்கை இறுக்குவது ஓட்டுநர்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நோக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான் அது விடை. ஒழுங்கு நொடிக்கு நொடி எப்படிக் காக்கப்படுகிறது என்பதற்கு அல்ல. ஆகவே ஒழுங்கை மட்டும் சான்றாக வைத்துக் கடவுளை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. எந்த வேகம் நல்லது என்று கவர்னர் கேட்பதில்லை, மனிதன் கேட்கிறான். இறைநம்பிக்கை தன் வாதத்தைத் தொடங்க வேண்டிய இடம் அதுவே.