ஆடிக் குளிரும் சர்க்கரை அளவும்

ஆடி மாதம் என்றால் ஆக்லாந்தில் நல்ல குளிர். காலை ஏழு மணிக்கும் முழுதாக விடிந்திருக்காது. சாண்ட்ரிங்காமில் மகள் வீட்டில் இருக்கும் ஓர் அம்மா விரல் நுனியைக் குத்துகிறார்; ரத்தம் வரவில்லை. வெந்நீரில் கையைக் கழுவித் துடைத்து, விரலை நீவிவிட்ட பிறகே ஒரு துளி எட்டிப் பார்க்கிறது. மீட்டரில் 9.4. நம் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட 170.

"ராத்திரி என்னம்மா சாப்பிட்டே?"

"எப்பவும் போல ரெண்டு சப்பாத்திதான்டி."

உண்மையைச் சொல்லும்போதே அந்தக் குரல் கூசிப்போகிறது.

அவர் சொன்னதை நம்பலாம். குளிர் தாக்கும்போது அட்ரினலினும் கார்ட்டிசோலும் கூடுதலாகச் சுரந்து, கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் கலக்கச் செய்கின்றன. ஆறு மணிக்குள் இருட்டிவிடுவதால், மழையும் சேர்ந்துகொண்டால் மாலை நடை நின்றுபோகிறது. சளி, காய்ச்சல் வந்தால் அளவு இன்னும் ஏறும். குளிர்ந்த தோலிலிருந்து இன்சுலின் ரத்தத்தில் சேரவும் நேரமாகும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி குளிர்காலத்தில் கூடிக் கோடையில் குறைவதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

தைப்பொங்கல் இங்கே நடுக்கோடையில் வருகிறது. வெயிலில் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் போட்ட ஊசி வேகமாக வேலை செய்து, சர்க்கரை சட்டென்று இறங்கலாம். தண்ணீர் குடிக்காமல் உடம்பு வறண்டால் ஏறவும் செய்யும்.

நோயாளியின் நிலை, நோயின் கடுமை, காலம் மூன்றையும் எண்ணிப் பார்த்தே மருத்துவம் செய்ய வேண்டும் என்று மருந்து அதிகாரத்தில் வகுத்துவைத்தார் வள்ளுவர். நாம் முதல் இரண்டைப் பிடித்துக்கொண்டு காலத்தை விட்டுவிட்டோம். அதனால்தான் அளவு ஏறியதும் கண் நேராக நோயாளியின் தட்டுக்குப் போகிறது.

வாயைக் கட்டத்தான் வேண்டும். அதில் சமரசம் இல்லை. ஆனால், வாயைக் கட்டியவருக்கும் குளிர் குளிர்தான். வாடகை வீட்டின் கூடத்தை 18 டிகிரிக்குச் சூடாக்கும் ஹீட்டர் இருக்க வேண்டும் என்று நியூசிலாந்தில் விதியே உண்டு. கரண்ட் பில்லுக்குப் பயந்து அதைப் போடாமல், ஸ்வெட்டருக்குள் ஒடுங்கிக் கிடக்கும் பெரியவர்களும் உண்டு. அவர்கள் அறையைக் கதகதப்பாக வைப்பதும், மழை விட்ட நேரம் பார்த்துக் கூட நடப்பதும், சர்க்கரை நோயாளிகளுக்கு இலவசமாகப் போடும் ஃப்ளூ தடுப்பூசிக்கு அழைத்துப் போவதும் வைத்தியத்தில் சேர்த்திதான். மருந்தின் அளவை நாமாகக் கூட்டிக் குறைக்கக் கூடாது. கோடையிலும் குளிரிலும் குறித்துவைத்த எண்களோடு டாக்டரிடம் போனால், காலத்துக்கு ஏற்ப அவர் மாற்றித் தருவார்.

மீட்டர் காட்டும் எண்ணை ஒருவரின் ஒழுக்கத்துக்குப் போட்ட மார்க்காகப் படிக்கும்வரை, அவர் உண்மையை மறைக்கவே பழகுவார். உடம்பு அனுப்பிய சேதியாகப் படித்தால், அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிக்கலாம். நோயாளியிடம் கணக்குக் கேட்க ஓர் ஆள் போதும். காலம் மாறும்போது அவரோடு சேர்ந்து மாறிக்கொள்ள வீடு முழுவதும் வேண்டும்.